மகாவித்துவானும் மாணாக்கர்களும்: ஓர் இறுதி ஓவியத்தின் வரலாறு

நம் கொங்கு நாட்டுக் கிறித்தவ இல்லங்கள் பலவற்றின் முன்கூடத்திலே ஒருவகைப் படம் தொங்குவதை நண்பர்கள் கண்டிருக்கலாம். மரித்த பெரியவர் ஒருவர் பெட்டியிற் கிடக்க, அவரைச் சூழ்ந்து மக்களும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் வரிசையாக நிற்பர். எம் இல்லத்திலும் என் பாட்டனாரின் அத்தகைய படம் ஒன்றுண்டு. முன்வரிசையில் யான் சிறுவனாய் நிற்கின்றேன். அப்படத்தை நோக்குந்தோறும் ஒரு குறை எனக்குத் தோன்றும். முகம் அதில் இருக்கின்றது. ஆயின், இறுதி இரவில் அவர் தலையைத் தாங்கியிருந்தவர் யார், அவர் விரும்பிக் கேட்ட சங்கீதத்தை வாசித்தவர் யார், கடைசியாக அவர் எவரை நோக்கினார் என்பனவற்றை அப்படம் கூறுவதில்லை. அவற்றை அறிந்திருந்த என் பாட்டியாரும் சென்ற ஆண்டு மறைந்தார். கேட்டு எழுதி வைத்திருக்கலாம்; எழுதாதொழிந்தேன்.

இக்குறையோடு இருந்த எனக்கு, தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற்காகப் படித்த நூல் ஒன்றில், ஒரு பெரும்புலவரின் இறுதி நேரம் கண்முன் நிற்பதுபோல் எழுதப்பெற்றிருந்தமை பெரியதோர் ஆறுதலாயிற்று. நாணத்தையும் உடன் தந்தது. அப்புலவர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள். எழுதியவர் அவர்தம் மாணாக்கர், மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள். அவ்வரலாற்றை இயன்ற அளவில் இங்கே எடுத்துரைக்கப் புகுகின்றேன்.

கலைஞர் ஒருவரின் இறுதி உருவத்தை மற்றொரு கலைஞர் தீட்டி வைக்கும் வழக்கம் மேனாடுகளிலே பெரிதும் போற்றப்பட்டது. ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் உரோமாபுரியில் என்புருக்கி நோயால் வருந்திக் கிடந்தபோது, ஓவியராகிய ஜோசப் செவர்ன் என்னும் நண்பர் இரவும் பகலும் உடனிருந்து பணிவிடை செய்தார். 1821ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் விடியற்காலம் மூன்று மணிக்கு, தம்மைத் தூக்கம் வெல்லாதிருக்கும்பொருட்டு அவர் கவிஞரின் முகத்தை மையினால் வரைந்தார். அடுத்த திங்கள் 23ஆம் நாள் கவிஞர் மறைந்தார். செவர்ன் அதன்பின் 58 ஆண்டுகள் வாழ்ந்து 1879இல் இறந்தார். இன்று அவ்விருவரும் உரோமாபுரியில் அருகருகே துயில்கின்றனர். வியன்னா நகரத்திலே 1918ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஓவியர் கிளிம்ட் மறைந்தபோது, அவரால் ஆதரிக்கப்பெற்ற இளைய ஓவியர் ஏகான் ஷீலே மருத்துவமனைப் பிணவறைக்கே சென்று அம்முகத்தை வரைந்தார். அவ்வாண்டு அக்டோபர் முடிவதற்குள் ஷீலேயும் இறந்துபட்டார்.

இவை கோட்டினால் அமைந்த ஓவியங்கள். நம் தமிழ்நாட்டில் இதற்கு ஒப்பாக யான் கண்டது சொல்லினால் அமைந்த ஓவியமாகும். வரைந்தவரும் புலவர், வரையப்பெற்றவரும் புலவர். அவ்வோவியத்தின் பொருளை உணர்தற்கு, அதிற் காணப்படும் பெரியாரின் வாழ்வை முதலில் அறிதல் வேண்டும்.

பிள்ளையவர்கள் 1815ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திரிசிரபுரத்தை அடுத்த சிற்றூரொன்றில் தோன்றினார். தந்தையார் சிதம்பரம் பிள்ளை, தாயார் அன்னத்தாச்சி. தந்தையார் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர். மைந்தர் முதலில் அவரிடமே நிகண்டும் சதகமும் அந்தாதியும் கற்றார். இளமையிலேயே தந்தையாரை இழந்தார், வறுமை சூழ்ந்தது. ஆயினும் கல்வி வேட்கை மட்டும் குறைந்திலது. அக்காலத்தில் இன்றுபோல் அச்சுப் புத்தகங்கள் மலிந்திலாமையால், ஏடு வைத்திருப்போரையும் பாடஞ் சொல்ல வல்லாரையும் தேடித் தேடி அலைய வேண்டியிருந்தது. தண்டியலங்காரத்தில் வல்ல பரதேசி ஒருவர் திரிசிரபுரத்து வீதிகளில் பிச்சையேற்று வந்தார். பிள்ளையவர்கள் அவர் பின்னே நடந்து, அவர் மனங்கொள்ளும்படி பணிவிடை புரிந்து, அந்நூலைக் கேட்டறிந்தார். கற்பிப்பவர் எவராயினும் அவர் ஆசிரியரே என்னும் உறுதி அவரிடம் அன்றே வேரூன்றியது.

நாளடைவில் அவர்தம் புலமை எங்கும் பரவிற்று. திருவாவடுதுறை ஆதீனத்தில் அம்பலவாண தேசிகர் அவர்க்கு மகாவித்துவான் என்னும் பட்டத்தை வழங்கினார். பின்னர்த் தலைமை பூண்ட சுப்பிரமணிய தேசிகரும் அவரைத் தம் உயிரென மதித்தார். இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களும் பத்துப் பிள்ளைத்தமிழும் அந்தாதிகளும் கலம்பகங்களும் கோவைகளும் அவர்தம் வாக்கினின்று வெளிப்போந்தன. அவருள் சேக்கிழார் பிள்ளைத்தமிழைப் பாடிய பிள்ளையவர்களையே இன்றும் பலர் முதலில் நினைவு கூர்வர். அவர் தாமே எழுத்தாணி பிடித்து எழுதுதல் அரிது. மாணாக்கர் ஒருவர் ஏடும் எழுத்தாணியுமாய் அமர்ந்திருக்க, முன்னரே பாடிவைத்ததை நினைவினின்று சொல்வார்போலச் செய்யுட்களைச் சொல்லிக்கொண்டே போவர் என்பது அவரை அருகிருந்து கண்டவர்களின் கூற்று.

ஆயினும் அவர்தம் பெருமையெல்லாம் பாட்டின் தொகையில் அடங்குவதன்று. கற்பித்தலே அவர்க்கு உயிர். மாணாக்கரிடம் பொருள் கொள்ளார். தம் இல்லத்திலேயே அவர்களை வைத்து உணவும் அளிப்பார். அதனாற் கடன் பெருகியது. இறுதிவரை அக்கடன் அவரை விட்டு நீங்கவில்லை. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராய் விளங்கிய தியாகராச செட்டியார் அவர் மாணாக்கர். நாகூர்க் குலாம் காதிறு நாவலர் என்னும் இசுலாமியப் புலவரும் அவரிடம் பயின்றவர். மாயூரத்தில் முன்சீபாயிருந்த வேதநாயகம் பிள்ளை, தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்டவர், நம் சமயத்தினர். பிள்ளையவர்களுக்கு நெருங்கிய நண்பர். அவர்மீது பிள்ளையவர்கள் பாடியதே குளத்தூர்க்கோவை என்னும் நூல். சைவத்தில் ஊறிய ஒரு புலவர் கிறித்தவர் ஒருவரைத் தலைவராக்கிக் கோவை பாடினார் என்பதை நம் கல்லூரி மாணவர் மறத்தலாகாது.

அவர் குறையே இல்லாதவர் என்று யான் கூற வரவில்லை. இலக்கணத்தில் அவர்க்கு இருந்த பற்று சில வேளைகளில் கடுமையாகவும் மாறியதுண்டு. கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி வந்தபோது, அதில் இலக்கண வழுக்கள் உள்ளமை கருதிப் பிள்ளையவர்கள் பாயிரந் தாராது காலம் கழித்தார். பாரதியாரோ மனந்தளராமற் பன்முறை வந்தார். ஒருநாள் திண்ணையிலமர்ந்து அவர் தம் கீர்த்தனங்களைப் பாட, அதனைக் கேட்ட மகாவித்துவானின் உள்ளம் உருகிற்று, பாயிரமும் பிறந்தது. தம் பிழையை உணர்ந்த பொழுதே திருத்திக்கொள்ளும் பெருந்தன்மை அவரிடம் இருந்தது.

இத்தகைய பெரியாரிடம் 1871ஆம் ஆண்டில், இன்று மயிலாடுதுறை என வழங்கும் மாயூரத்தில், உத்தமதானபுரத்து இளைஞர் ஒருவர் தம் தந்தையாராகிய வேங்கடசுப்பையரோடு வந்து சேர்ந்தார். அவ்விளைஞர்க்கு அப்பொழுது வயது பதினாறு. பெயர் வேங்கடராமன். அப்பெயரைவிட வீட்டில் வழங்கும் பெயர் ஆசிரியர்க்கு உகந்ததாயிருந்தமையால், சாமிநாதன் என்றே அவரை அழைக்கலானார். பின்னர்த் தமிழுலகம் முழுதும் அப்பெயராலேயே அவரை அறிந்தது. பெயரையே ஆசிரியரிடமிருந்து பெற்ற மாணாக்கர் அவர்.

இசைக்குடும்பத்திற் பிறந்த அவ்விளைஞர் மாயூரத்திலிருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் பயிலத் தொடங்கினார். இலக்கணக் கல்விக்கு அஃது இடையூறாம் என்று ஆசிரியர் கருதியதை அறிந்ததும் அதனை நிறுத்திவிட்டார். ஆசிரியர் சொல்லச் சொல்லப் புராணச் செய்யுட்களை ஏட்டில் எழுதுதலும், அவர் செல்லும் ஊர்க்கெல்லாம் உடன் செல்லுதலும், பாடங் கேட்டலுமாக ஏறத்தாழ ஐந்தாண்டுகள் கழிந்தன.

அவ்வில்லத்தில் உடன் பயின்ற மற்றொரு மாணாக்கர் சவேரிநாத பிள்ளை என்பவர். அவர் கிறித்தவர். பிள்ளையவர்களிடம் அளவற்ற அன்பு பூண்டு, பாடங் கேட்பதோடு அமையாது வேண்டிய பணிகளையெல்லாம் உவந்து செய்து வந்தார். அக்காலத்து வழக்கப்படி அந்தணராகிய சாமிநாதர் உண்ணும் இடம் வேறு. ஏனையோர் உண்ணும் இடம் வேறு. அதனை மறைத்துக் கூறுதல் உண்மையாகாது. ஆனால் பாடங் கேட்கும் திண்ணை ஒன்றே. ஆசிரியரின் அன்பும் ஒன்றே.

1875ஆம் ஆண்டின் இறுதியிலே பிள்ளையவர்களின் உடல் தளர்ந்தது. உணவு குறைந்தது, நோய் வளர்ந்தது. அந்நிலையிலும் பாடஞ் சொல்லுதலையும் செய்யுள் இயற்றுதலையும் அவர் எளிதில் விட்டாரல்லர். திருவாவடுதுறையிலே மாணாக்கர் சூழ்ந்திருக்க, கடன்பட்ட குடும்பத்தைப் பற்றிய கவலையும் உடனிருக்க, அவர்தம் இறுதி நாட்கள் சென்றன. யுவ ஆண்டு தை மாதம் 20ஆம் நாள், அதாவது 1876ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, முடிவு நெருங்கிற்று.

இனி அவ்வோவியத்தைக் காண்போம். ஆசிரியரின் விருப்பப்படி திருவாசகத்தின் அடைக்கலப்பத்தைச் சாமிநாதர் வாசிக்கின்றார். வாசிக்கும் அவர்க்கு இன்னும் 21 வயது நிரம்பவில்லை. பின்புறத்திலே சவேரிநாத பிள்ளை இருந்து, ஆசிரியரின் உடலைத் தம் மார்பின்மேல் சாய்த்துத் தாங்குகின்றார். பாடல் செவியிற் புகுந்துகொண்டிருக்கும்போதே உடல் சிறிது அசைகின்றது. வலக்கண் திறக்கின்றது. அதுவே உயிர் பிரிந்ததற்கு அறிகுறியாயிற்று. மகாவித்துவானுக்கு அப்பொழுது அறுபத்தோராம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது.

அன்பர்காள்! இக்காட்சியை யான் முதன்முறை படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் வாளாவிருந்தேன். இதில் அலங்காரம் இல்லை. வானத்து மீன் வீழ்ந்தது என்றோ, தமிழ்த்தாய் கைம்மை பூண்டாள் என்றோ கூறும் புனைவுரை அங்கே இல்லை. யார் வாசித்தார், யார் தாங்கினார், எந்தக் கண் திறந்தது என்பனவே உள்ளன. என் பாட்டனாரின் படத்தில் யான் தேடிக் காணாதவை இவையே அல்லவா?

மேலும் ஒன்றை நோக்குக. தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் யான் சேர்ந்தபோது, புராணமும் திருமுறையும் பயிலுதல் கிறித்தவ இளைஞனுக்கு எற்றுக்கு என்று உறவினர் சிலர் வினவினர். அன்று யான் மறுமொழி கூற அறியேன். இன்று அறிவேன். மகாவித்துவானின் இறுதி மூச்சைத் தாங்கியது கிறித்தவ மாணாக்கர் ஒருவரின் மார்பு. அம்மார்பு தன் சமயத்தை விட்டுவிட்டுத் தாங்கியதுமன்று. திருவாசகம் ஒலிக்கின்றதே என்று விலகியதுமன்று. ஆசிரியர்பால் மாணாக்கன் கொண்ட அன்பே அங்குத் தொழிற்பட்டது. இதனை எழுதிய சாமிநாதையர், தம்மை வாசிப்பவராக மட்டும் ஓரமாக நிறுத்தி, உடலைத் தாங்கிய சிறப்பைத் தம் உடன்மாணாக்கர்க்கே விட்டுக்கொடுத்தார். தம் நினைவொன்றே சான்றாயிருந்த இடத்தில் மற்றொருவரின் பெயரைப் பொறித்து வைத்தது அவர்தம் நேர்மைக்கு அடையாளம். அவர் பொறித்திலரேல், சவேரிநாத பிள்ளை என்னும் பெயரை நம்முள் எவர் அறிவார்?

இனி, அவ்வோவியம் தீட்டப்பெற்ற காலத்தை எண்ணுவோம். செவர்ன் கவிஞரின் முகத்தை அவ்விரவே வரைந்தார். ஷீலே மறுநாளோ அதற்கு மறுநாளோ வரைந்திருப்பார். சாமிநாதையரோ, மகாவித்துவானின் சரித்திரத்தை நூலாக வெளியிட்டது 1933, 1934ஆம் ஆண்டுகளில். முதற்பகுதி வந்தபோது ஆசிரியர் மறைந்து 57 ஆண்டுகள் சென்றிருந்தன. இருபது வயது இளைஞராய்த் திருவாசகம் வாசித்தவர் எழுபத்தெட்டு வயது முதியவராயிருந்தார்.

இவ்வளவு காலம் ஏன் சென்றது? அவர் சோம்பியிருந்தாரல்லர். ஆசிரியர் மறைந்தபின் சுப்பிரமணிய தேசிகர் அவரைத் தம் பிள்ளைபோல் ஏற்றுப் பாடமும் சொன்னார். 1880இல் தியாகராச செட்டியார் தம் கல்லூரிப் பதவியை அவர்க்குக் கிடைக்கச் செய்தார். அவ்வாண்டே கும்பகோணத்திற்கு முன்சீபாய் வந்த சேலம் இராமசாமி முதலியார், அவர்தம் கருத்தைப் பழைய நூல்களின்பால் திருப்பினார். அதன்பின் சீவக சிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அச்சேறின. நம் கொங்குநாட்டு விசயமங்கலத்துக் கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையும் அவர் முயற்சியால் 1924இல் வெளிப்போந்தது. இத்துணைப் பணிகளுக்கிடையேயும் ஆசிரியரின் பிரபந்தங்களைத் திரட்டி அச்சிட்டார். அவர் எழுதிய கடிதங்களையும், பலர் நினைவிற் கிடந்த தனிப்பாடல்களையும் செய்திகளையும் தேடித் தேடிச் சேர்த்தார்.

அதற்கிடையே அக்காலத்தவர் ஒவ்வொருவராய் மறைந்துகொண்டிருந்தனர். சுப்பிரமணிய தேசிகரும் தியாகராச செட்டியாரும் 1888இல் மறைந்தனர். வேதநாயகம் பிள்ளை 1889இல் மறைந்தார். மகாவித்துவானை நேரிற் கண்ட கண்கள் குறையக் குறைய, மாணாக்கரின் கடன் பெருகியது. ஆசிரியர் தம் மாணாக்கர்க்கு உணவளித்துப் பொருட்கடன் பட்டார். மாணாக்கரோ அவ்வுணவை உண்டு நன்றிக்கடன் பட்டார். முன்னதை ஆசிரியரால் தீர்க்க இயலவில்லை. பின்னதை மாணாக்கர் 57 ஆண்டுகள் சுமந்து தீர்த்தார்.

இறுதி நேரத்தை மட்டும் எழுதுவதாயின் நான்கு ஏடுகள் போதும். அதனை மறுநாளே எழுதியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யாது, பிச்சையேற்றவர் பின்னே நடந்த இளமையையும், கடன்பட்டுச் சோறிட்ட இல்லறத்தையும், திண்ணைப் பாட்டிற்கு உருகிய உள்ளத்தையும் இரண்டு பகுதிகளில் விரித்துரைத்த பின்னரே அக்கண் திறந்ததைக் கூறினார். அதனாலன்றோ அக்காட்சி நம் நெஞ்சை உருக்குகின்றது! வாழ்வு தெரியாதவர்க்கு இறுதி முகம் வெறும் முகமே. வாழ்வை அறிந்தவர்க்கே அஃது ஓவியமாகும். என் வீட்டுச் சுவரிலுள்ள படத்தின் குறை படமெடுத்தவரின் குறையன்று. அதற்கு முன்னும் பின்னும் எழுதாத எங்கள் குறையே என்பதை இந்நூல் எனக்கு உணர்த்திற்று.

இச்சங்கிலி சாமிநாதையரோடு அறுந்ததுமில்லை. சென்னையிலே தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டு, தமக்கு வேலை தந்தவரை நாள்தோறும் நினைந்த அப்பெரியார், தம் வரலாற்றையும் 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதி வந்தார். அது முற்றுப்பெறுமுன், 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், திருக்கழுக்குன்றத்தில் மறைந்தார். பாதியில் நின்ற அவ்வரலாற்றின் எஞ்சிய பகுதியை எழுதியவர், அவர்தம் மாணாக்கராய் உடனிருந்து பணிபுரிந்த கி. வா. ஜகந்நாதன் அவர்கள். அவர் காவிரிக்கரையிலே நம் கொங்குநாட்டு மோகனூரில் வளர்ந்தவர். ஆசிரியரை மாணாக்கர் எழுதினார். அம்மாணாக்கரை அவர் மாணாக்கர் எழுதினார். திரிசிரபுரத்தில் ஒரு பரதேசியின் பின்னே நடந்த இளைஞரிடம் தொடங்கிய நன்றி, நம் நாட்டு மண் வரை வந்து சேர்ந்திருக்கின்றது.

நண்பர்காள்! நம் ஒவ்வோர் இல்லத்திலும், நம் கல்லூரியிலும் முதியோர் உளர். அவர்களின் இளமையைக் கண்டோர் நாடோறும் குறைந்து வருகின்றனர். கைப்பேசியில் ஒரு நொடியிற் படம் எடுக்கும் நமக்கு, ஒரு நாழிகை அருகமர்ந்து கேட்டு எழுதுதல் அரிதாய் இருக்கின்றது. இவ்விடுமுறையில் யான் ஊர்க்குச் சென்று, பாட்டனாரின் இறுதி இரவில் உடனிருந்தோருள் இன்னும் உயிரோடிருப்பவர் என் பெரிய அத்தையார் ஒருவரே என்று கேட்டறிந்தேன். அவரிடம் அமர்ந்து எழுதத் தொடங்கியிருக்கின்றேன். தலையைத் தாங்கியவரின் பெயரை முதல் நாளே அவர் கூறினார். அவர் எம் உறவினரல்லர். பக்கத்துத் தோட்டத்தில் ஏற்றமிறைத்தவர். எம் படத்தில் அவர் நிற்கவுமில்லை. அவர் பெயரை ஏட்டில் முதலாவதாக எழுதி வைத்தேன்.